ஹோர்முஸ் நீரிணையும் நம் கிழக்குக் கரையும்

அக்கரைப்பற்றில் உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் கற்கும் மாணவி ஒருவர் மூன்று கேள்விகளை ஒன்றாக அனுப்பியிருக்கிறார். உலகின் பதற்றப் புள்ளிகள் என்று பேசப்படும் இடங்களுள் கேந்திர முக்கியத்துவம் மிகக் கூடியது எது. ஒரு சிறு நீரிணைக்காகவும் ஒரு தீவுக்காகவும் வல்லரசுகள் ஏன் இவ்வளவு மோதிக்கொள்கின்றன. நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருகோணமலையும் ஒருநாள் அந்தப் பட்டியலில் சேருமா. முதற் கேள்விக்கு என் விடை ஹோர்முஸ் நீரிணை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வாழ்பவர்களைப் பொறுத்தவரை இந்த விடை இன்னும் உறுதியானது. உலக அரசியல் என்றதும் நம்மவர்கள் திருகோணமலையையும் அம்பாந்தோட்டையையும் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் நம் வீட்டு அடுப்பையும் வயலையும் தோணியையும் நேரடியாகத் தொடக்கூடிய இடம் ஓமானுக்கும் ஈரானுக்கும் நடுவில் இருக்கிறது.

ஓர் இடத்தின் கேந்திர முக்கியத்துவத்தை அளக்க முற்படும்போது பலரும் அங்கே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள்: எண்ணெயா, கனிமமா, ஆழமான துறைமுகமா. அதற்கு முன்பே கேட்க வேண்டியவை வேறு சில உண்டு. அவ்விடத்தைத் தவிர்த்துப் போவதென்றால் எவ்வளவு காலமும் பணமும் செலவாகும், அந்தச் செலவு யார் தலையில் விழும், மறிக்க நினைப்பவனுக்கு மறிப்பதற்கு எவ்வளவு குறைவாகச் செலவாகும் என்பவையே அவை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, கல்லடிப் பாலம் மறிக்கப்பட்டால் காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் இருந்தவர்கள் மண்முனைத் துறையில் பாதை எனப்படும் மிதவையில் ஏறி, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையைச் சுற்றி, வலையிறவு வழியாகவே மட்டக்களப்பு நகருக்குள் வர வேண்டியிருந்தது. யுத்தகாலத்தில் அந்தப் பாலத்தின் இரு முனைகளிலும் காவலரண்கள் ஏன் இருந்தன என்பதை விளங்கிக்கொண்ட எவருக்கும் ஒரு நீரிணை ஏன் முக்கியமாகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்த முக்கியத்துவம் நிலையானதும் அல்ல. இதற்கு மட்டக்களப்பே சான்று. 1602ஆம் ஆண்டு ஒல்லாந்தரான யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இலங்கையில் வந்திறங்கியது நம் கரையில்தான். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638 மே மாதத்தில் ஒல்லாந்தத் தளபதி அதாம் வெஸ்டர்வோல்ட், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் படையோடு சேர்ந்து அதைக் கைப்பற்றினார். இலங்கையில் ஒல்லாந்தர் கைக்கு வந்த முதற் கோட்டை அது. அந்த நாட்களில் கறுவாவை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகும் உரிமை யாருக்கு என்பதே கேள்வியாக இருந்தது. அந்தக் கேள்வியின் பாரம் சில ஆண்டுகள் நம் வாவியின் முகத்துவாரத்தின் மீது தங்கியிருந்தது. பிறகு கப்பல்கள் பெரிதாகின, முகத்துவாரத்தின் மணல் அப்படியே இருந்தது, வல்லரசுகளின் கண் திருகோணமலையின் பக்கம் திரும்பிவிட்டது. கோட்டை பின்னாளில் அரச அலுவலகங்களைத் தாங்கி நின்றது. ஆகவே இன்றைய பட்டியலை மனனம் செய்வதைக் காட்டிலும், ஓர் இடம் எப்போது பட்டியலுக்குள் வருகிறது, எப்போது வெளியேறுகிறது என்பதைப் படிப்பது மாணவர்களுக்கு அதிகம் பயன்படும் என்று நான் நம்புகிறேன்.

இனி ஹோர்முஸைப் பார்ப்போம். பாரசீக வளைகுடாவிலிருந்து திறந்த கடலுக்கு வர இருக்கும் ஒரே வாசல் அது. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் 40 கிலோமீற்றருக்கும் குறைவு. அதற்குள்ளும் பெருங்கப்பல்கள் போகும் ஒழுங்கை, உள்வரவுக்கு ஒன்றும் வெளிச்செல்கைக்கு ஒன்றுமாக, ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு கடல்மைல் அகலமே கொண்டது. இடையில் அதே அளவு இடைவெளி விடப்பட்டிருக்கிறது. 2024இல் இதனூடாக நாளொன்றுக்குச் சுமார் 20 மில்லியன் பீப்பாய் மசகு எண்ணெயும் எண்ணெய்ப் பொருள்களும் சென்றன. அது உலகம் முழுவதும் நுகரும் பெற்றோலியத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கப்பலில் ஏற்றப்படும் திரவ இயற்கை எரிவாயுவிலும் ஐந்தில் ஒரு பங்கு இதனூடாகவே போகிறது; அதில் பெரும்பகுதி கட்டாரின் ராஸ் லபானிலிருந்து வருகிறது.

மாற்றுவழி உண்டா என்றால், எண்ணெய்க்குக் கொஞ்சம் உண்டு. சவூதி அரேபியா தன் கிழக்கு வயல்களிலிருந்து செங்கடற்கரையின் யன்பு துறைமுகம்வரை குழாய் பதித்திருக்கிறது. ஐக்கிய அரபு இராச்சியம் ஹப்ஷானிலிருந்து நீரிணைக்கு வெளியே இருக்கும் புஜைராவுக்குக் குழாய் போட்டிருக்கிறது. ஆயினும் இவ்விரு குழாய்களிலும் வழமையான ஓட்டத்துக்கு மேலதிகமாகத் திருப்பிவிடக்கூடிய அளவு நாளொன்றுக்குச் சுமார் 2.6 மில்லியன் பீப்பாய்தான் என்று அமெரிக்க எரிசக்தித் தகவல் நிருவாகம் மதிப்பிட்டிருக்கிறது. இருபதில் இரண்டரையைச் சுற்றி அனுப்பலாம், மிகுதி பதினேழரைக்கும் வழியில்லை. கட்டாரின் எரிவாயுவை ஆசியாவுக்கு அனுப்பவோ வேறு வாசலே கிடையாது. இதனால்தான் மலாக்கா நீரிணையைவிட ஹோர்முஸை மேலே வைக்கிறேன். மலாக்கா ஊடாகப் போகும் எண்ணெய் ஹோர்முஸினூடாகப் போவதைவிடக் கூடுதல். சிங்கப்பூருக்கு அருகே அது மூன்று கிலோமீற்றருக்கும் குறைவாக ஒடுங்குகிறது. ஆனாலும் மலாக்கா மறிபட்டால் கப்பல்கள் சுந்தா, லொம்பொக் நீரிணைகளைச் சுற்றிக்கொண்டு சில நாள் தாமதத்துடன் போய்ச் சேர்ந்துவிடும்.

மறிப்பதற்கு ஆகும் செலவையும் பார்க்க வேண்டும். ஈரான்–ஈராக் யுத்தத்தின் பின்பாதியில், 1984 முதல் 1988 வரை, வளைகுடாவில் நானூறுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டன. 1987இல் குவைத்தின் எண்ணெய்க் கப்பல்களுக்கு அமெரிக்கா தன் கொடியை ஏற்றிப் போர்க்கப்பல்களின் காவலோடு அழைத்துச் சென்றது. காவலோடு சென்ற முதல் அணியிலேயே பிரிட்ஜ்டன் என்ற கப்பல் கண்ணிவெடியில் மோதியது. 1988 ஏப்ரலில் அமெரிக்கப் போர்க்கப்பல் சாமுவேல் பி. ரொபேர்ட்ஸ் இன்னொரு கண்ணிவெடியில் சிக்கியது. மிகப் பழைய வடிவமைப்பில் செய்யப்பட்ட, மிக மலிவான அந்த வெடி ஏற்படுத்திய சேதத்தைச் சீர்செய்ய ஏறத்தாழ 90 மில்லியன் டொலர் செலவாயிற்று. அந்த ஆண்டு ஜூலை 3ஆம் திகதி, பதற்றம் உச்சத்தில் இருந்த வேளையில், அமெரிக்கப் போர்க்கப்பலொன்று ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதில் 290 பேர் இறந்தார்கள். குறுகிய இடத்தில் எல்லோரும் விசைமேல் விரல் வைத்துக்கொண்டு நிற்கும்போது பொதுமக்களே பலியாகிறார்கள் என்பதை இந்தப் பாடத்தைப் படிக்கும் எவரும் மறக்கலாகாது.

அந்த நான்கு ஆண்டுகளிலும் நீரிணை முற்றாக மூடப்படவில்லை என்பதும் உண்மை. ஈரானே தன் எண்ணெயை அதனூடாகத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. இன்றும் அதன் ஏற்றுமதியில் மிகப் பெரும்பகுதி கார்க் தீவிலிருந்து அதே வாசலால் வெளியேறுகிறது. 2025 ஜூன் மாதம் இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் இடையே பன்னிரண்டு நாள் மோதல் நடந்து, ஜூன் 22ஆம் திகதி போர்தோ, நதான்ஸ், இஸ்பஹான் அணு நிலையங்களை அமெரிக்கா தாக்கியபோது, ஈரானிய நாடாளுமன்றம் நீரிணையை மூடும் யோசனைக்கு ஆதரவு தெரிவித்தது. அப்போது அது செயலுக்கு வரவில்லை. மூடாமலே மிரட்டலாம் என்பதே இந்த இடத்தின் தனித்தன்மை. ஒரு வெடிகூட வெடிக்காத நாளிலும், லண்டனில் இருக்கும் காப்புறுதிச் சந்தை யுத்த ஆபத்துக் கட்டணத்தை உயர்த்திவிடும். அடுத்ததாகக் கப்பல் வாடகை ஏறும். பிறகு எண்ணெய் விலை. அதன் பின் கொழும்பில் மாதாந்த விலைத் திருத்தம். கடைசியாக வாழைச்சேனைத் துறைமுகத்தில் பலநாள் படகுக்கு டீசல் நிரப்புபவரின் கணக்கு.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லத்தான் வேண்டும். இலங்கைக்கு வரும் ஒவ்வொரு துளி எண்ணெயும் ஹோர்முஸைக் கடந்து வருவதில்லை. நாம் வாங்கும் டீசலும் பெற்றோலும் பெரும்பாலும் சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் சுத்திகரிக்கப்பட்டு வருபவை. சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வாங்கப்படும் வகைகளில் ஒன்றான அபுதாபியின் மர்பன் எண்ணெய் பெரும்பாலும் நீரிணைக்கு வெளியே புஜைராவிலேயே கப்பலேறுகிறது. ஆனால் சிங்கப்பூரில் விலை நிர்ணயமாகும்போது எந்தப் பீப்பாய் எந்த வழியால் வந்தது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஹோர்முஸினூடாக வெளிவரும் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஆசியாவுக்கே வருவதால், அங்கே குறையும் எண்ணெய்க்காகச் சீனாவும் இந்தியாவும் யப்பானும் கொரியாவும் நாம் வாங்கும் அதே கடையில் நமக்கு முன்னால் வரிசையில் வந்து நிற்கும். அவர்களிடம் பல வாரங்களுக்கான சேமிப்பும் டொலரும் உண்டு.

எண்ணெயைவிட என்னை அதிகம் கவலைக்குள்ளாக்குவது மனிதர்கள். கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை, ஏறாவூர், ஓட்டமாவடி, கிரான், செங்கலடி என்று எந்த ஊரை எடுத்தாலும் கட்டாரிலோ குவைத்திலோ சவூதியிலோ துபாயிலோ ஒருவர் இல்லாத தெரு இல்லை. 2024இல் வெளிநாட்டுப் பணியாளர்கள் இலங்கைக்கு அனுப்பிய தொகை 6.5 பில்லியன் டொலரைத் தாண்டியது; அதில் பெரும் பங்கு அந்த நீரிணைக்குள் இருக்கும் நாடுகளிலிருந்து வருவது. 1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் நுழைந்தபோது ஏறத்தாழ ஓர் இலட்சம் இலங்கையர் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார்கள். பலர் கையில் இருந்த பையோடு பாலைவனத்தைக் கடந்து ஜோர்தானுக்குப் போய், அங்கே கூடாரங்களில் விமானத்துக்காகக் காத்திருந்தார்கள். அந்த ஆகஸ்ட் மாதத்தில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும், அடுத்த மாதத்தில் வந்தாறுமூலையிலும் சத்துருக்கொண்டானிலும் நடந்த கொலைகளையும் காணாமலாக்கல்களையும் நம் கரையில் எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அங்கே இருக்கவும் முடியாமல், இங்கே திரும்பவும் அஞ்சி நின்ற அந்த மனிதர்களின் நிலையை நம் பாடநூல்கள் வளைகுடா யுத்தம் என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஐக்கிய நாடுகளின் இழப்பீட்டு ஆணைக்குழு பின்னாளில் ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து நட்டஈடு வழங்கியது. அந்த ஆணைக்குழு வழங்கிய மொத்தத் தொகை 52.4 பில்லியன் டொலர். கடைசிக் கொடுப்பனவு 2022 ஜனவரியில்தான் முடிந்தது. ஏழு மாதங்களுக்குச் சற்றுக் குறைவாக நீடித்த ஆக்கிரமிப்பொன்றின் கணக்கைத் தீர்க்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அடுத்தது பசளை. யூரியா என்பது இயற்கை எரிவாயுவிலிருந்து அமோனியா செய்து, அதிலிருந்து பெறப்படுவது. எரிவாயு மலிவாகக் கிடைக்கும் இடத்தில்தான் யூரியா ஆலைகள் இருக்கும். கட்டாரும் சவூதியும் ஈரானும் உலகச் சந்தைக்குப் பெருமளவில் யூரியா விற்கும் நாடுகள். ஆகவே எரிவாயுவுக்கு வரும் நெருக்கடி ஒரு பருவம் கழித்து வயலுக்கு வரும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை நம் அரசாங்கம் தடைசெய்ததால் அவ்வாண்டின் பெரும்போகம் சரிந்ததை வெளிநாட்டுச் சண்டை எதன்மீதும் போட முடியாது. அது நாமே நமக்குச் செய்துகொண்டது. ஆனால் நவம்பரில் தடையை நீக்கிவிட்டுப் பசளை வாங்கப் போனபோது, ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறியிருந்தது. சில மாதங்களில் ரஷ்யா உக்ரேனுக்குள் நுழைந்தது. பொட்டாசியத்தின் பெரிய விற்பனையாளர்களான ரஷ்யாவும் பெலாரஸும் தடைகளுக்குள் சிக்கின. நம்மிடம் டொலரும் இல்லை. இறுதியில் இந்தியக் கடனுதவியில் வந்த 65,000 தொன் யூரியாதான் கைகொடுத்தது. தவறான கொள்கையும் தூரத்து யுத்தமும் ஒரே ஆண்டில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் அறியேன். அதே 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு உயர்த்தப்பட்டது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகளை நம்பி வாழும் நம் கடற்றொழிலாளர்களுக்கு அது தொழிலுக்குப் போவதா வீட்டில் இருப்பதா என்ற கேள்வியாகவே மாறியது.

ஹோர்முஸுக்கு அடுத்தபடியாக நான் வைப்பது செங்கடலின் தெற்கு வாசலான பாப் அல்-மந்தப். யேமனுக்கும் ஜிபூட்டிக்கும் இடையே சுமார் 30 கிலோமீற்றர் அகலம் கொண்ட இதனூடாகத்தான் ஆசியாவிலிருந்து சுயஸ் கால்வாய்க்குப் போகும் எல்லாக் கப்பலும் செல்ல வேண்டும். காஸா யுத்தத்தைக் காரணம் காட்டி யேமனின் ஹூதி இயக்கத்தினர் 2023 நவம்பர் 19ஆம் திகதி கலக்ஸி லீடர் என்ற கப்பலைக் கைப்பற்றினார்கள். அதன் பின் ஆளில்லா விமானங்களாலும் ஏவுகணைகளாலும் வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். 2024 மார்ச்சில் ருபிமார் என்ற கப்பல் மூழ்கியது. அதே மாதத்தில் இன்னொரு கப்பலில் மூன்று மாலுமிகள் கொல்லப்பட்டார்கள். பெரிய கொள்கலன் நிறுவனங்கள் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. பயணம் ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாட்கள் நீண்டது. யுத்த ஆபத்துக் காப்புறுதி சில வேளைகளில் கப்பலின் பெறுமதியில் ஒரு சதவீதம்வரை ஏறியது. 50 மில்லியன் டொலர் பெறுமதியான கப்பலுக்கு ஒரு தடவை கடப்பதற்கு ஐந்து இலட்சம் டொலர் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

சில ஆயிரம் டொலர் பெறுமதியான ஆளில்லா விமானத்தை வீழ்த்த ஒவ்வொன்றும் மில்லியன் கணக்கில் விலையுள்ள ஏவுகணைகளைப் போர்க்கப்பல்கள் செலவிட்டன. உலகின் பலம் மிக்க கடற்படையாலும் வணிகர்களின் நம்பிக்கையை அவ்வழிக்கு மீட்டுக் கொண்டுவர இயலவில்லை. ஜிபூட்டி என்ற சின்னஞ்சிறு நாட்டில் அமெரிக்கா, பிரான்ஸ், யப்பான், இத்தாலி ஆகியவற்றின் தளங்கள் இருக்கின்றன. 2017 முதல் சீனாவின் முதலாவது வெளிநாட்டுத் தளமும் அங்கேயே இருக்கிறது. இத்தனை தளங்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதே அந்த வாசல் கப்பல்களை இழந்தது. கேந்திர முக்கியத்துவம் என்றால் தளம் அமைப்பது என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

இந்தச் சம்பவத்தில் இலங்கைக்கு இலாபமும் வந்தது, இழப்பும் வந்தது. கப்பல் வழிகள் மாறியதால் கொழும்புத் துறைமுகத்தில் இடைமாற்றுக் கொள்கலன்கள் அதிகரித்தன. மறுபுறம், 2024 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க செங்கடலுக்குக் கடற்படைக் கப்பலொன்றை அனுப்பப்போவதாக அறிவித்தார். இரண்டு வாரத்துக்கு 250 மில்லியன் ரூபா செலவாகும் என்றும் அவரே சொன்னார். நாடு வங்குரோத்திலிருந்து எழுந்து நின்ற வேளையில் அது தேவையற்ற தோரணை என்பது என் கருத்து. நம் கடற்றொழிலாளர்களுக்கு நேர்ந்தது வேறு. போர்க்கப்பல்களின் கவனம் செங்கடலுக்குத் திரும்பியதும் சோமாலியக் கடற்கொள்ளையர் மீண்டும் தலைகாட்டினார்கள். அந்த ஜனவரி மாதத்தின் கடைசியில் இலங்கைப் பலநாள் மீன்பிடிப் படகொன்று ஆறு பேருடன் கடத்தப்பட்டு, சீஷெல்ஸ் கடலோரக் காவற்படையால் மீட்கப்பட்டது.

தாய்வானைப் பற்றிப் பலரும் கேட்பார்கள் என்பதால் அதையும் தொட்டுச் செல்கிறேன். அங்கே பிரச்சினை நீரிணையின் குறுக்கம் அல்ல. 130 கிலோமீற்றருக்கும் குறையாத அகலம் அதற்கு உண்டு. உலகின் மிக நுட்பமான கணினிச் சில்லுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அந்தத் தீவில் தயாராகின்றன. அந்த ஆலைகளுக்கு வேண்டிய ஒளி அச்சு இயந்திரத்தை நெதர்லாந்தில் ஒரே ஒரு நிறுவனம்தான் செய்கிறது. இங்கும் அதே விதிதான் செல்லுபடியாகிறது: சுற்றிப்போக வழியில்லாத இடம் ஒரு கடலாக இருக்க வேண்டியதில்லை, ஒரு தொழிற்சாலையாகவும் இருக்கலாம். ஆலையை வேறிடத்தில் கட்டலாம், அதைத்தான் அமெரிக்காவும் யப்பானும் முயல்கின்றன. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். சீனாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் தாய்வான் யப்பானிலிருந்து பிலிப்பைன்ஸ்வரை நீளும் தீவுச் சங்கிலியின் நடுக்கண்ணி. அதைத் தாண்டினால்தான் அதன் கடற்படைக்குத் திறந்த பசுபிக் கிடைக்கும். 2022 ஓகஸ்டில் அமெரிக்க சபாநாயகர் நான்சி பெலோசி தாய்பேய்க்குச் சென்றதும் சீனா தீவைச் சூழ்ந்து நடத்திய பயிற்சி, ஒரு முற்றுகையின் ஒத்திகை போலவே இருந்தது. ஒரு யுத்தம் ஏற்படுத்தும் அழிவு என்ற அளவில் தாய்வானே எல்லாவற்றிலும் பயங்கரமானது. ஆனால் நாளைக் காலையில் நம் வாழ்க்கையைத் தொடக்கூடியது எது என்ற அளவில் அது ஹோர்முஸுக்குப் பின்னால்தான் வருகிறது.

தென்சீனக் கடல், கருங்கடல், காஷ்மீர் ஆகியவற்றுக்கு இங்கே அதிக இடம் தரப்போவதில்லை. தென்சீனக் கடலில் சீனா உரிமை கோரும் எல்லைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று 2016 ஜூலையில் ஹேக் நடுவர் மன்றம் பிலிப்பைன்ஸுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தும், கடலில் எதுவும் மாறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கருங்கடலில் 1936ஆம் ஆண்டின் மொன்ட்ரோ உடன்படிக்கையைக் கொண்டு, பொஸ்பரஸ் வழியைப் போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்களுக்குத் துருக்கி மூடியது; சட்டமும் புவியியலும் ஒரே கையில் இருந்தால் ஒரு நடுத்தர நாடும் வல்லரசுகளைக் கட்டுப்படுத்தலாம் என்பதற்கு அது உதாரணம். காஷ்மீரில் 2025 மே மாதம் நான்கு நாட்கள் நடந்த மோதல், அணு ஆயுதம் கொண்ட இரு அயலவர்கள் நமக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதைக் காட்டியது.

திருகோணமலைக்கு வருகிறேன். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முதல்நாள் இரவே எச்சரிக்கை கிடைத்து, தன் விமானங்கள் இல்லாமலே தெற்கு நோக்கிப் புறப்பட்டிருந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ், திரும்பி வரும் வழியில் மட்டக்களப்புக்கு வெளியே கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் இறந்தார்கள். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதலாவது கப்பல் என்று அறியப்படும் அதன் சிதைவு இன்றும் நம் கடலின் அடியில் கிடக்கிறது. சுழியோடிகள் தேடி வருகிறார்கள். அன்று திருகோணமலை தாக்கப்பட்டதற்கு அதன் ஆழம் காரணமல்ல. அங்கே ஒரு வல்லரசின் கப்பற்படை இருந்தது, அதுவே காரணம். 1957இல் பிரித்தானியர் வெளியேறிய பிறகு, அதே ஆழமும் அதே பாதுகாப்பும் உள்ள துறைமுகத்தின் மேல் எந்த வெளிநாட்டு விமானமும் குண்டு போடவில்லை.

என் அளவுகோலை வைத்துப் பார்த்தால் திருகோணமலை பதற்றப் புள்ளி அல்ல. அதனூடாகக் கடக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை; அதன் முன்னால் இருப்பது திறந்த வங்காள விரிகுடா. கிழக்கு மேற்காகச் செல்லும் பெருங்கப்பல் வழி தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே போகிறது. அதனால்தான் சீனா 2017இல் 1.12 பில்லியன் டொலர் கொடுத்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது அம்பாந்தோட்டையை. துறைமுகம் கட்டினாலே முக்கியத்துவம் வந்துவிடாது என்பதற்கு ஒலுவில் நம் கண்முன் இருக்கிறது: டென்மார்க்கின் கடனில் கட்டி, 2013இல் திறந்து வைத்து, வாயில் மணல் மூடி, வடக்கே கரை அரித்து, தென்னந்தோப்புகளைக் கடல் கொண்டுபோனதுதான் அப்பகுதி மக்களுக்கு மிஞ்சியது.

திருகோணமலை பதற்றப் புள்ளியாக மாற்றப்படலாம். அதற்கு யாராவது ஒருவருக்கு அங்கே படைத்தளமோ அதற்கு ஒப்பான சலுகையோ கொடுக்கப்பட வேண்டும். இந்தியாவின் கவலை அதுதான். 1987 ஜூலையில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் பரிமாறிய கடிதங்களிலேயே, இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் அத்துறைமுகம் வழங்கப்படாது என்ற வாக்குறுதியும், எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைக்கும் என்ற உடன்பாடும் இடம்பெற்றன. 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தபோது எழுந்த நெருக்கடியும், 2024 ஜனவரியிலிருந்து ஓராண்டுக்கு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களை அனுமதிப்பதில்லை என்று கொழும்பு அறிவித்ததும் அதே கவலையின் தொடர்ச்சிகள்தான். எல்லோருக்கும் ஒரே விதி என்று அறிவித்த அந்த ஓராண்டு நடைமுறையை நான் வரவேற்றேன். அதை நிரந்தரச் சட்டமாக்கியிருக்க வேண்டும்.

திருகோணமலையின் சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 14 தாங்கிகள் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.யிடமும், 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், மிகுதி 61 தாங்கிகள் கூட்டுத்தாபனம் 51 சதவீதப் பங்கு கொண்ட கூட்டு நிறுவனத்திடமும் உள்ளன. 2025 ஏப்ரலில் பிரதமர் நரேந்திர மோடி வந்தபோது, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. இதை இந்தியாவுக்கு விற்றுவிட்டார்கள் என்று கூச்சலிடுவதும், கிழக்கு சிங்கப்பூராகிவிடும் என்று கனவு காண்பதும் நமக்குப் பழகிப்போனவை. கேட்க வேண்டியது, கூட்டுத்தாபனத்தின் கையில் இருக்கும் அந்த 24 தாங்கிகளில் எத்தனை துருவகற்றிச் சீரமைக்கப்பட்டு, எத்தனை நிரப்பப்பட்டிருக்கின்றன என்பதுதான். அந்த 24உம் நிறைந்தால் 288,000 கிலோலீற்றர். ஹோர்முஸிலோ செங்கடலிலோ அடுத்த தடவை நெருக்கடி வரும்போது, சந்தையில் விலை தணியும்வரை வாங்காமல் காத்திருக்கும் அவகாசத்தை அந்த எண்ணெய் தரும். நம் மாகாண சபை என்றோ ஒருநாள் மீண்டும் கூடினால், கிழக்கின் உறுப்பினர்கள் கொழும்பிடம் வலியுறுத்த வேண்டிய கோரிக்கைகளில் முதலாவதாக இதையே நான் வைப்பேன்: அந்தத் தாங்கிகளில் ஒரு பகுதி, கிழக்கின் மீன்பிடிக்கும் விவசாயத்துக்குமான மண்ணெண்ணெய், டீசல் அவசர இருப்பாகச் சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும்.